ரிப்பன் வெட்டிய குழாயும் அரக்கு வைத்த கைபேசியும்

ஓய்வுபெற்ற பொலிஸ்காரனை யாராவது தேடி வந்தால், அவன் காலத்து வழக்கில் ஏதோ காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் ஏதோ ஒரு கூட்டத்தில் முன்வரிசைக் கதிரை காலியாக இருக்கிறது. போன மாதம் என்னைத் தேடி வந்தது கதிரைதான். இணையக் குற்றங்களைத் தடுக்கும் புதிய சட்டம் பற்றி இளம் அதிகாரிகளுக்குக் கண்டியில் ஒருநாள் கருத்தரங்காம். நான் வந்து என் முப்பத்திரண்டு வருட அனுபவத்தைப் பத்து நிமிடத்தில், "சுவையாக", சொல்ல வேண்டுமாம். சட்டத்தைப் பற்றிப் பேச வேறு வளவாளர் இருப்பதால் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றும் கடிதத்தில் நாசூக்காக எழுதியிருந்தார்கள்.

போனேன். எனக்கு முன்னால் வளவாளர் ஒரு மணித்தியாலம் பேசினார். சட்டம் ஒரு தட்டிலும் மனித உரிமை மறு தட்டிலும் உள்ள தராசுப் படமொன்றைத் திரையில் காட்டினார். இரண்டு தட்டும் மயிரிழை பிசகாமல் சமமாக நின்றன. படத்தில்தானே, நிற்கும். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வழக்குப் பொருளாக வந்த திருட்டுச் சேவல் நீதிமன்றத்தில் கூவிய கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பெயரைத் தப்பாக அச்சடித்த ஒரு நினைவுச் சின்னத்தைத் தந்து அனுப்பி வைத்தார்கள்.

அங்கே நான் சொல்லாமல் வந்த கதை ஒன்று இருக்கிறது. அது பத்து நிமிடத்தில் அடங்காது. சுவையும் கடைசியில் கொஞ்சம் கசக்கும்.

நான் கண்டியைச் சுற்றியுள்ள ஒரு பொலிஸ் நிலையத்தில் வழக்குப் பொருட்களுக்குப் பொறுப்பான சார்ஜன்டாக இருந்தவன். நிலையத்தின் பெயர் வேண்டாம். பயிற்சி ஆறு மாதம். அதில் ஐந்து மாதம் இடது காலை எப்போது தூக்குவது என்று கற்றுக்கொடுத்தார்கள். மிச்சமிருந்த ஒரு மாதத்தில் நாட்டின் சட்டங்கள் எல்லாவற்றையும் முடித்தார்கள். நிலையத்தில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே தமிழில் வருகிற முறைப்பாடு, கடிதம், காதல், வசவு எல்லாம் என் மேசைக்கு வந்துதான் சிங்களமாகும்.

என் வேலை ஒரு பெரிய பதிவேடும் ஓர் இரும்பு அலுமாரியும். கைப்பற்றிய பொருள் வந்தால் தொடர் இலக்கம், யாரிடமிருந்து, எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். பிறகு கபில நிற உறையில் போட்டு, நூல் கட்டி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை பதித்து, அதன் குறுக்கே கையொப்பம். பிறகு யாராவது அதை வெளியே எடுத்தால் எடுத்த நேரம், காரணம், கையொப்பம். திருப்பித் தந்தால் தந்த நேரம். எனக்கு முன்னால் இருந்தவர் நேரம் என்ற இடத்தில் "காலை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அவர் எழுதிய ஒரு "காலை"க்காக ஒரு சட்டத்தரணி என்னைச் சாட்சிக் கூட்டில் ஒரு மணித்தியாலம் நிற்க வைத்து வறுத்தெடுத்தார். அன்றிலிருந்து நான் நிமிடக் கணக்கோடு எழுதத் தொடங்கினேன். அதை எல்லோரும் நேர்மை என்றார்கள். பயம்தான் காரணம், ஆனாலும் நான் மறுக்கவில்லை.

வாள், கசிப்புச் சாராயப் பீப்பாய், சேவல் என்று இருந்த அலுமாரிக்குள் மெல்ல மெல்லக் கைபேசிகள் குடியேறின. ஆங்கிலேயன் விட்டுப்போன முறைப்படி அதற்கும் நூல் கட்டி அரக்கு வைத்தோம். அணைத்து வைக்க வேண்டும் என்ற யோசனை முதலில் யாருக்கும் வரவில்லை. முத்திரை வைத்த உறைக்குள்ளிருந்து பாட்டு வரும். அம்மாமார் பிள்ளைகளைத் தேடி அழைப்பார்கள். அலுமாரி பதில் சொல்லாது.

இந்தச் சட்டங்களே வேண்டாம் என்று சொல்கிறவன் என்று என்னை நினைக்க வேண்டாம். குண்டசாலையிலிருந்து ஒரு தகப்பன், அலுவலகம் போகும் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு எங்கள் நிலையத்துக்கு வந்தார். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்த மகளின் முகத்தை யாரோ வேறொரு உடம்பில் ஒட்டி இணையத்தில் போட்டிருந்தான். அந்தக் காலத்தில் இதை எந்தப் புத்தகத்தில் பதிவது என்று எங்களுக்குத் தெரியாது. அரை மணித்தியாலம் கூடிப் பேசி, கடைசியில் சில்லறை முறைப்பாட்டுப் புத்தகத்தில், பக்கத்து வீட்டு நாய் குரைத்த முறைப்பாட்டுக்குக் கீழே எழுதினோம். அந்த மனிதர் நாயைப் பற்றிய வரியை வாசித்தார். கையொப்பமிட்டுவிட்டுப் போனார். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போகவேயில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். போட்டவன் யாரென்று ஊருக்கே தெரியும். எங்களுக்கு மட்டும் சட்டத்தில் இடமில்லை. அன்று வீட்டுக்கு வந்து, இதற்கு ஒரு சட்டம் வராதா என்று வாய்விட்டுக் கேட்டவன் நான்.

இன்னொரு தடவை, எங்கள் பக்கத்தில் எங்கள் முஸ்லிம் ஆட்களின் கடைகள் சில எரிந்த நாட்களில், எங்கே கூடுவது, எதை எடுத்து வருவது என்று எரிக்க வந்தவர்கள் இணையத்தில் பகிரங்கமாக எழுதியிருந்ததை நான் பிரிண்ட் எடுத்து அப்போதைய மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். அவர் அதைக் கவனமாக வாசித்துவிட்டு, "சார்ஜன்ட், கருத்துச் சுதந்திரம் என்று ஒன்று இருக்கிறதே" என்றார். ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான்.

பிறகு சட்டம் வந்தது. சட்டத்தோடு எங்களுக்குப் புதிய பொறுப்பதிகாரியும் வந்தார். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை இலகுவாக முடிந்துவிடும். அவர் கெட்டவர் இல்லை. மழையில் நனைந்து வந்த ஒரு கிழவிக்குத் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே ஜீப்புக்குப் போனவர். அவருடைய மேசைக் கண்ணாடிக்கடியில் வெவ்வேறு அரசாங்கங்களின் பெரியவர்களோடு அவர் நிற்கும் படங்கள் இருந்தன. ஆட்சி மாறினால் படங்களின் வரிசையும் மாறும். காலையில் வந்ததும் கைலேஞ்சியால் கண்ணாடியைத் துடைப்பார். யார் முகம் துடைபடாமல் விடுபடுகிறது என்று பார்த்தால் அடுத்த தேர்தல் முடிவை ஓரளவு சொல்லிவிடலாம். ஒருபோதும் கட்டளை இடமாட்டார். "நான் செய்யச் சொல்லவில்லை, சார்ஜன்ட். செய்தால் நல்லதுதானே" என்பார். செய்து பிழையாகிப் போனால் அவர் சொல்லவில்லை. செய்து சிறந்தால் அவர் சொன்னது. (அவர் பேசியது சிங்களத்தில். நான் தமிழில் தருகிறேன். இதுதான் என் பழைய தொழில்.)

புதிய சட்டத்தைப் போட்டோப் பிரதி எடுத்து மஞ்சள் பேனாவால் முக்கியமான வரிகளைப் பூசி வைத்திருந்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லா வரியும் முக்கியம். ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்த பிறகுதான் அதை விரிப்பார். ஹோட்டலில் சாப்பாட்டு அட்டை பார்ப்பதுபோல விரலை மேலிருந்து கீழே ஓட்டி, இந்த ஆளுக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று தேடுவார்.

அப்படிக் கொண்டுவரப்பட்டவள்தான் பவானி. வயது இருபத்தாறு. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் போட்டோப் பிரதி எடுக்கும் வேலை செய்தாள். தோட்டப் பாடசாலைக்கு ஆசிரிய உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்து, பரீட்சையில் தேறி, அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை நேர்முகப் பரீட்சைக்குக் கடிதமும் வந்திருந்தது. அவளைக் கொண்டுவந்தது திங்கட்கிழமை.

குற்றம் இதுதான். உள்ளூர் அரசியல்வாதி ஒருவர் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் திறந்து வைத்தார். மாலை, ரிப்பன், கத்தரிக்கோல் எல்லாம் வந்தன. தண்ணீர் வரவில்லை. பவானி அந்தப் படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதி, தன் சொந்தக்காரர் ஒன்பது பேர் மட்டும் இருக்கிற வட்ஸ்அப் குழுவில் போட்டாள். அந்த ஒன்பது பேரில் ஒருத்தியின் புருஷன் அரசியல்வாதியின் பையைத் தூக்குகிறவன். அவன் ஓடிப்போய்க் காட்டினான். அரசியல்வாதி நேரே எங்களிடம் வந்து, மனம் புண்பட்டுவிட்டதாக வாக்குமூலம் கொடுத்தார்.

கைபேசி என் மேசைக்கு வந்தது முற்பகல் 10.40. எழுதினேன். முத்திரை வைப்பதற்கு முன் பொறுப்பதிகாரி கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். பவானி எதிரே நின்றாள். நான் சத்தமாக வாசித்தேன்:

"குழாய் வந்துருச்சு, ரிப்பன் வந்துருச்சு, பத்து ஆளு கேமராவோட வந்துருச்சு. தண்ணி மட்டும் கூட்டம் கலையட்டும்னு இருக்கு போல."

சிங்களத்தில் சொன்னேன். பொறுப்பதிகாரி சிரிக்கவில்லை.

"இதில் எந்தச் சமூகத்தை அவமதிக்கிறாள்?"

"தண்ணீரைத்தான் சேர் கொஞ்சம் குறை சொல்கிறாள்."

"பகிடி வேண்டாம் சார்ஜன்ட். மக்கள் மத்தியில் பகை மூட்டுகிறாளா, இல்லையா?"

"குழாய்க்கும் தண்ணீருக்கும் ஏற்கெனவே பகைதான் போலிருக்கிறது."

அவர் விரல் மஞ்சள் வரிகளில் இறங்கத் தொடங்கியது. பவானி என்னைப் பார்த்து, "சார், அது எங்க வீட்டுக்காரவங்களுக்கு மட்டுந்தான் போட்டேன். வெளிய யாருக்கும் அனுப்பல சார். வேணும்னா போன பாருங்க" என்றாள். கடவு இலக்கத்தையும் கேட்காமலே சொன்னாள். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்களின் பிழை அது.

எழுத்தில் மொழிபெயர்ப்புக் கொடுக்க வேண்டும் என்பதால் அந்த வரிகளை என் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, அவள் கைபேசியை அணைத்து, அரக்கு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கொன்ஸ்டபிள் ஒருவர் வந்து, பொறுப்பதிகாரிக்குப் பிரதி வேண்டும் என்று கேட்டார். முத்திரையை உடைத்தேன். வெளியே: 11.30. காரணம்: பிரதி எடுக்க. கையொப்பம் வாங்கினேன். பிரதி எடுப்பதென்றால் எங்கள் நிலையத்தில் என்ன வழி என்று கேட்பீர்கள். பிரிண்டருக்கு மை கிடையாது. ஆகவே கொன்ஸ்டபிள் அவளுடைய கைபேசியிலிருந்தே பொறுப்பதிகாரியின் இலக்கத்துக்கு அனுப்பினார். பொறுப்பதிகாரி என்ன செய்தார் தெரியுமா? ஊர்ப் பெரியவர்கள், விகாரை, கோயில், பள்ளி நிர்வாகிகள், முதலாளிமார் என்று இருநூறுக்கு மேற்பட்டோர் இருக்கிற நிலையத்துப் பொதுமக்கள் குழுவில், "இவ்வாறான பதிவுகளைப் பரப்ப வேண்டாம்" என்று எழுதி, அந்தப் பதிவையும் சேர்த்துப் பரப்பினார். நேரம் 11.45. தமிழ் தெரியாதவர்களும் அனுபவிக்க வேண்டுமே என்று என் மொழிபெயர்ப்பையும் கீழே போட்டிருந்தார்.

மறுநாள் நீதிமன்றத்துக்குப் போன அறிக்கையில், மேற்படி கூற்று இருநூறுக்கு மேற்பட்ட பொதுமக்களிடையே பரப்பப்பட்டுள்ளது என்று இருந்தது. ஆதாரமாக அந்தக் குழுவின் பக்கம்தான் இணைக்கப்பட்டிருந்தது, யாரோ ஒரு முதலாளி கடையில் மை கடன் கேட்டு எடுத்த பிரிண்ட். பவானி விளக்கமறியல் சிறைக்குப் போனாள்.

அன்று பின்னேரம் அவள் அம்மா நிலையத்துக்கு வந்தார். கொழுந்து பறித்த விரல்கள், கறை போகாத நகங்கள். நேர்முகக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார்.

"ஐயா, வெள்ளிக்கெழம அவளுக்கு இன்டர்வியூங்க. மூணு வருசமா இதுக்குத்தாங்க புள்ள படிச்சுச்சு. அன்னிக்கு ஒரு நா மட்டும் விட்டீங்கன்னா நானே மறுபடி கூட்டியாந்து ஒப்படைச்சிர்றேங்க."

"நான் விடுற ஆள் இல்ல அம்மா. கோட்ல கேக்கணும்."

"நீங்கதான எழுதுற ஆளுன்னாங்க. நல்லபடியா எழுதுங்கய்யா."

நன்றாகத்தான் எழுதியிருந்தேன். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த இளம் சட்டத்தரணி புத்திசாலி. மனுப் போட்டு வழக்கை வியாழக்கிழமைக்கு முன்கொண்டு வந்தார். பதிவேட்டோடு என்னையும் அழைக்க வைத்தார்.

வியாழக்கிழமை. நான் வாசித்தேன். கைப்பற்றியது 10.40. வெளியே 11.30. உள்ளே 11.55. சட்டத்தரணி பொலிஸ் கொடுத்த பிரிண்டையே உயர்த்திக் காட்டி, "ஐயா, இருநூறு பேருக்கு அனுப்பியவரின் பெயர் மேலேயே இருக்கிறது. நேரம் 11.45. என் கட்சிக்காரரின் கைபேசி அப்போது பொலிஸ் காவலில். என் கட்சிக்காரரும் பொலிஸ் காவலில். அனுப்பியவர் மட்டும்தான் வெளியே" என்றார். நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுப்பதிகாரியைப் பார்த்தார். நீதிமன்றம் சிரித்தது. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு பெருமை. அரக்கு வைத்த கை என்னுடையதல்லவா.

பொறுப்பதிகாரி அசரவில்லை. இன்னொரு தாளை நீட்டினார்.

"ஐயா, நாங்கள் அனுப்புவதற்கு முன்பே இது வெளியே போய்விட்டது. பிலிமத்தலாவை வியாபாரிகளின் குழுவில் 11.20க்கு வந்திருக்கிறது. சந்தேகநபர் கைதாவதற்கு முன்பே வெளியாட்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். விசாரிக்கத் திங்கட்கிழமை வரை கால அவகாசம் கேட்கிறேன்."

பிலிமத்தலாவை என்ற சொல் காதில் விழுந்ததும் நான் பதிவேட்டை மூடினேன்.

இனி என் முறை. அந்த வரிகளை மொழிபெயர்ப்புக்காகப் படம் எடுத்தேன் என்று சொன்னேன் அல்லவா? மேசைக்கு வந்து மறுபடி வாசித்தபோது சிரிப்பு அடங்கவில்லை. தண்ணீர் கூட்டம் கலையட்டும் என்று காத்திருக்கிறதாம்! இவ்வளவு நல்ல பகிடியைத் தனியாக வைத்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. எங்கள் குடும்பக் குழுவில் போட்டேன். மனைவி உடனே, "என்ன இது, ஸ்டேஷன்ல வேல ஒண்டும் இல்லயா ஒங்களுக்கு?" என்று எழுதினாள். பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கும் என் மச்சான், "சோக்கா ஈக்கி மச்சான்! எங்கட கடக்காரங்களுக்கும் போட்டுட்டேன்" என்று எழுதினான். பார்த்தேன். இரண்டு சிரிப்பு முகங்களும் அனுப்பினேன்.

சாட்சிக் கூட்டில் நின்றபடி இதெல்லாம் ஒரு நொடியில் தலைக்குள் ஓடியது. நீதவான் என் பக்கம் திரும்பினார்.

"சார்ஜன்ட், நீங்கள் எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இந்த 11.20 பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

எதிரே சந்தேகநபர் கூட்டில் பவானி நின்றாள். அவள் என்னை நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் பேசிய ஒரே பொலிஸ்காரன் நான். ஓய்வூதியத்துக்கு எனக்குப் பதினொரு மாதம் இருந்தது.

"தெரியாது, ஐயா" என்றேன்.

திங்கட்கிழமைக்குத் தவணை போனது. வெள்ளிக்கிழமை காலை நேர்முகப் பரீட்சை நடந்தது. பவானியின் பெயரைக் கூப்பிட்டபோது அவள் விளக்கமறியலில் இருந்தாள். திங்கட்கிழமை, பொலிஸாரிடம் புதிதாக ஒன்றும் இல்லாததால் பிணையில் விட்டார்கள். சில மாதங்களில் வழக்கே கைவிடப்பட்டது. பொறுப்பதிகாரிக்கு நல்லதொரு இடத்துக்கு மாற்றம் கிடைத்தது. குழாயில் தண்ணீர் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது கைபேசியைப் பெற்றுக்கொள்ள அவள் வந்தாள். மறுபடி அந்தக் கொமினிகேஷன் கடையிலேயே இருப்பதாகச் சொன்னாள். அரக்கை உடைத்துக் கொடுத்தேன். கையொப்பமிட்டாள். பையிலிருந்து ஒரு பக்கெட் தேயிலைத் தூளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அம்மா குடுக்கச் சொன்னாங்க சார். நீங்க டைம சரியா எழுதி வச்சதுனாலதான் நான் வெளிய வந்தேன். உண்மைய எழுதுறதுக்கு ஒரு ஆளாவது அங்க இருந்தீங்கல்ல."

வாங்கிக்கொண்டேன். வீட்டில் அந்தத் தேயிலையை ஒரு மாதம் குடித்தோம். நல்ல சாயம் இறங்கும் தேயிலை. மனைவி ஒவ்வொரு நாளும் யார் தந்தது என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் பெயர் சொன்னேன்.

குண்டசாலைப் பெண்ணுக்குத் தேவைப்பட்டபோது இல்லாத சட்டம், ஹந்தானைப் பெண்ணுக்குத் தேவைப்படாதபோது வந்து நின்றது. பொறுப்பதிகாரியை, அரசியல்வாதியை, மஞ்சள் பேனாவை எல்லாம் நான் இத்தனை நாளாகக் கேலி செய்து வருகிறேன். குடும்பத்தில் இந்தக் கதை நல்ல பிரபலம், 11.45 வரும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். மச்சானும் சிரிப்பான். 11.20 அந்தக் கதையில் வராது. அவளைச் சட்டம் ஒரு வாரம் உள்ளே வைத்தது என்றுதான் சொல்லிக்கொள்வேன். அதில் திங்கள் முதல் வியாழன் வரைதான் சட்டத்தின் கணக்கு. வெள்ளிக்கிழமை என்னுடையது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று பதிவேட்டில் ஒரு கைபேசி ஏறவில்லை. முறைப்படி இப்போது எழுதுகிறேன், பவானியின் கண்ணில் பட்டாலும் படட்டும்.

பொருள்: கைபேசி ஒன்று, கறுப்பு நிறம், ஓரத்தில் கீறல். வெளியே அனுப்பியது: சந்தேகநபரின் இரண்டு வரிகள். அனுப்பிய நேரம்: முற்பகல் 11.12. அனுப்பிய இடம்: குடும்பக் குழு, பதின்மூன்று பேர். காரணம்: சிரிக்க. அனுப்பியவர்: நான். திருப்பி வாங்கிய நேரம் என்ற இடம் காலியாகத்தான் இருக்கிறது.